பூட்டுகளின் கதை – 17: யாரது? நான்தான்!

போன இதழை எம்.ஐ.டி.யின் ஒரு சனிக்கிழமை விடியலில் நிறுத்தியிருந்தேன். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கணினி ஒதுக்கியிருந்தார்கள். போதவில்லை. எந்தக் கோப்பு வேண்டும் என்று அட்டையில் துளையிட்டுப் போட்டால் அச்சடித்துத் தரும் வசதி அங்கே இருந்தது. 1962-ல் ஒரு வெள்ளி இரவு, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பின் பெயரையே அவர் அட்டையில் துளையிட்டுப் போட்டுவிட்டார். மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால், தாள் கட்டாக அலமாரியில் காத்திருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவிக்கொத்தைக் கேட்டார், கொடுத்தார்கள்.

பதினேழு ஆண்டு கழித்து பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் சுலபமாகத் தேடிப் பிடித்துவிடக் கூடியவை. ஓரெழுத்து, ஈரெழுத்து, பெயர், அகராதிச் சொல். மனிதர்கள் 1979-லேயே இப்படித்தான். இன்றைக்கும் பிறந்த தேதிதானே வைக்கிறோம்?

எழுதி வைத்தால் திருட்டு, மனதில் வைத்தால் மறதி. அப்படியானால் ஆளையே சாவியாக்கிவிட்டால் என்ன? கணினிக்காரர்களுக்குத்தான் இது புது யோசனை. நம் திண்ணைகளுக்குப் பழசு. இரவு ஒன்பது மணிக்கு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளேயிருந்து "யாரது?" வெளியேயிருந்து "நான்தான்." தாழ்ப்பாள் திறக்கிறது. அந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதில் ஒரு விவரமும் இல்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவு இல்லை. திருடன்கூட 'நான்தான்' என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது. சொல்லில் ஒன்றுமே இல்லை, சொன்ன குரலில் எல்லாம் இருக்கிறது. ஊரே அறிந்த கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு நம் பாட்டிகள் பத்திரமாகத்தான் இருந்தார்கள்.

அந்தப் பாட்டியின் காதை இயந்திரத்துக்குப் பொருத்தப் பார்த்த கதைதான் இந்த இதழில்.

கதை தொடங்குவது ஒரு சிறையில். மாஸ்கோவின் ஓரத்தில் மார்ஃபினோ என்ற இடத்தில், முன்பு பாதிரியார்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஒரு கட்டடம். ஸ்டாலின் காலத்தில் கைதிகளான பொறியாளர்களையும் மொழி வல்லுநர்களையும் அங்கே அடைத்து, ஒட்டுக்கேட்க முடியாத தொலைபேசியைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். மற்ற முகாம்களைவிடச் சோறு நன்றாக இருக்கும். விடுதலை மட்டும் கிடையாது. ஜெர்மன் இலக்கியம் படித்த லெவ் கோபெலெவ் அங்கே இருந்தார். சோல்செனிட்சினும் இருந்தார். 1949-ல் யாரோ ஒருவர் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்தைத் தொலைபேசியில் அழைத்து, சோவியத் உளவாளி ஒருவர் நியூயார்க்கில் அணுகுண்டு ரகசியத்தை வாங்கப்போகிறார் என்று காட்டிக்கொடுத்தார். பேச்சு பதிவாகியிருந்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்களின் குரல்களையும் பதிவு செய்து கோபெலெவிடம் கொடுத்தார்கள். இவர்களில் யார்?

கோபெலெவ் காதை மட்டும் நம்பவில்லை. குரலைப் படமாக்கிப் பார்த்தார். காகிதத்தில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக ஓசையின் தடிப்பும் மென்மையும். எங்கே ஓசை வலுவோ அங்கே கறுப்பு படியும். வெளுத்துக் காயப்போட்ட துணியில் ஈரம் திட்டுத் திட்டாகத் தெரிவதுபோல இருக்கும் அந்தப் படம். பெல் ஆய்வகத்தார் போர்க்காலத்தில் இதற்குக் கருவி செய்து, 1947-ல் ஒரு புத்தகமே வெளியிட்டிருந்தார்கள். காது கேளாதவர் பேச்சைக் கண்ணால் படிக்கலாம் என்பது அவர்களுடைய ஆசை. மார்ஃபினோவில் அதே படம் ஆள் பிடிக்கப் போயிற்று. கோபெலெவ் ஒருவரைச் சுட்டினார். சோல்செனிட்சின் இதைத்தான் பின்னாளில் ‘முதல் வட்டத்தில்’ நாவலின் சரடாக்கினார்.

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குப் புகழ் வாங்கித் தந்தவர் பெல் ஆய்வகத்தின் லாரன்ஸ் கெர்ஸ்டா. 1962 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அவர் கட்டுரை வந்தது. பள்ளி மாணவிகள் சிலருக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்துக் குரல் படங்களை ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னதாகவும், நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாகப் பிரித்ததாகவும் எழுதினார். படத்துக்கு அவர் பயன்படுத்திய பெயர் 'வாய்ஸ்பிரின்ட்', அதாவது குரல்ரேகை. முக்கால் வேலையை அந்தப் பெயரே செய்துவிட்டது. கைரேகை என்றால் நீதிபதிக்கும் தெரியும், ஜூரிக்கும் தெரியும். அரை நூற்றாண்டாக அது சேர்த்துவைத்த மரியாதை, ஒரே சொல்லில் குரலுக்குக் கைமாறியது.

ஆனால் கைரேகை என்பது தோலில் கிடப்பது. குரல் அப்படியா? அது ஒரு செயல். காலையில் எழுந்ததும் ஒரு குரல், கடன்காரனிடம் ஒரு குரல், கல்யாண வீட்டில் மூன்று நாள் கத்தி முடித்தபின் இன்னொரு குரல். கெர்ஸ்டா பெல்லை விட்டு வெளியே வந்து குரல்ரேகைக்கென்றே கம்பெனி தொடங்கினார். சில நீதிமன்றங்கள் ஏற்றன, சில தள்ளின. கடைசியில் எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டதன்பேரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமி ஒரு குழு அமைத்தது. 1979-ல் குழு சொன்னது சுருக்கமாக இதுதான்: பிழையின் அளவு சூழ்நிலைக்குச் சூழ்நிலை மாறுகிறது, இதை வைத்து ஒருவரை உறுதியாகச் சுட்டப் போதுமான அறிவியல் இன்னும் இல்லை.

இந்த வழக்காடல் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், டாலஸில் ஒரு கதவு சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நிற்கலாம். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த கதவு அது.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் தலைமைக் கணினி மையம். அன்றைய கணினிக்குப் பூட்டு என்றால் அது இருக்கும் அறைக்குத்தான் பூட்டு. உள்ளே போக வேண்டியவர் முதலில் ஒரு கூண்டுக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் கதவு மூடிக்கொள்ளும். அவர் எண்பலகையில் தன் எண்ணை அழுத்துவார். உடனே கூண்டு பேசும். நான்கு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தைச் சொல்லும். 'நல்ல பென் அருகில் நீந்தினான்' என்பது போன்ற வாக்கியம். பென் யார், எந்தக் குளத்தில், எதற்கு நீந்தினான் என்றெல்லாம் கேட்கக் கூடாது. மொத்தம் 16 சொற்கள். நான்கு இடத்துக்கு நான்கு நான்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு சேர்க்கை வரும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பொருந்தினால் உள்கதவு திறக்கும். அரைகுறையாகப் பொருந்தினால் இன்னொரு வாக்கியம் வரும். அதுவும் சந்தேகமென்றால் இன்னொன்று.

இதைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் டாடிங்டன். இவர் செய்த மூன்று காரியங்களைக் கவனித்தால், பாட்டி எப்படி வேலை செய்தாள் என்பதே புரிந்துவிடும்.

எண்ணை அழுத்தச் சொன்னது ஒன்று. கோயில் வாசலில் டோக்கனை நீட்டிச் செருப்பை வாங்குவதற்கும், டோக்கனைத் தொலைத்துவிட்டுச் செருப்புக் குவியலில் தேடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! 'இது யார்?' என்பது குவியலில் தேடும் வேலை. 'இவர் சொல்லிக்கொள்கிற ஆள்தானா இவர்?' என்பது டோக்கன் வேலை. மார்ஃபினோவிலும் நீதிமன்றத்திலும் இழுத்தடித்தது முதல் கேள்வி. டாடிங்டன் இரண்டாவதை மட்டும் கேட்டார்.

வாக்கியத்தைக் கூண்டே சொல்லிக்கொடுத்தது அடுத்தது. இதில் இரட்டை லாபம். எந்த வாக்கியம் வரும் என்று தெரியாததால் டேப்பில் பிடித்துக்கொண்டு வந்து ஓட்ட முடியாது. இன்னொரு லாபம்தான் அழகு. ஒருவர் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்கிறபோது, நாம் அறியாமலே அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லிவிடுகிறோம். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். குரல் நாளுக்கு நாள் மாறுவதுதானே பெரிய தலைவலி? அந்த ஆட்டத்தைக் கூண்டு பாதி அடக்கிவிட்டது.

மூன்றாவது, கூண்டு. ஒரே மைக், ஒரே சுவர்கள், வெளிச் சத்தம் இல்லை. பேசுகிறவர் ஒருவர், அவர் அங்கேதான் நிற்கிறார்.

1976-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் குரல் கருவி ஒன்றை அமெரிக்க விமானப்படையும் மைட்டர் நிறுவனமும் சோதித்துப் பார்த்தன. டாலஸ் கதவு பத்தாண்டுக்கு மேல் இரவு பகலாக ஓடியது. 1985-ல் டாடிங்டன் கணக்குச் சொன்னபோது, உரியவரைத் தவறாகத் தடுத்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்நியரைத் தவறாக விட்டதும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இந்த இரண்டு 'ஒன்று'களும் தராசின் இரு தட்டுகள். எந்தக் கருவியானாலும் சரி, விரலோ கண்ணோ குரலோ, இரண்டையும் சேர்த்து இறக்க முடியாது. பாட்டி கெடுபிடியாக இருந்தால் சளி பிடித்த பேரன் இரவெல்லாம் திண்ணையில் கிடப்பான். தாராளமாக இருந்தால் ஒருநாள் வேறு எவனோ அடுக்களைவரை வந்துவிடுவான். கெடுபிடி எவ்வளவு என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை, அதை வாங்குகிறவர் தீர்மானிக்கிறார். வங்கிக்காரருக்கு வாடிக்கையாளர் கோபம் பெரிசு. அணு உலைக்காரருக்கு அந்நியன் பெரிசு. விளம்பரத் தாள்களில் ஒரு எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், இன்னொன்று எங்கே என்று கேளுங்கள்.

டாடிங்டனின் கணக்கில் இன்னொரு சின்ன அடைமொழியும் உண்டு. அவர் சொன்ன அந்நியர், 'சாதாரண' அந்நியர். அதாவது வேறொருவர் எண்ணை அழுத்திவிட்டுத் தன் சொந்தக் குரலிலேயே பேசிப் பார்த்தவர். மிமிக்ரி செய்யவில்லை, டேப்பை வெட்டி ஒட்டவில்லை. சுருக்கமாக, சோம்பேறித் திருடன். அவர் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு அடைமொழியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

பிறகு கணினிகள் கம்பிவழி பேசிக்கொள்ளத் தொடங்கின. அறைக்கதவைப் பூட்டுவது பாதி வேலையாயிற்று. எங்கோ இருக்கும் ஆள் தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே வரப்பார்க்கிறார். கூண்டு இல்லை. அவர் கையில் என்ன தொலைபேசி, பக்கத்தில் யார், வானொலி பாடுகிறதா, ஒன்றும் தெரியாது. தொலைபேசியோ குரலின் அடியையும் நுனியையும் நறுக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் அனுப்பும். சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரை. போதாததற்கு ஒவ்வொரு கருவியும் தன் வாடையைச் சேர்க்கும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்த ரசம் மாதிரி. யார் வைத்த ரசம் என்று கைப்பக்குவத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், முதலில் நாக்கில் படுவது களிம்புதான்.

களிம்பைப் பிரிக்க வழி கண்டவர் பெல் ஆய்வகத்தின் பிஷ்ணு அடல். கான்பூர்க்காரர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். 1974-ல் அவர் எழுதியதன் சாரம் இப்படி. பேச்சு நொடிக்கு நொடி மாறும். ஆனால் கம்பியும் கருவியும் சேர்க்கும் வாடை அந்த அழைப்பு முழுக்க மாறாமல் இருக்கும். ஆகவே பேச்சைத் தகுந்த வடிவில் எண்களாக்கி, முழு அழைப்புக்கும் சராசரி எடுத்து, ஒவ்வொரு நொடியிலிருந்தும் அந்தச் சராசரியைக் கழித்துவிடு. மாறாதது போய்விடும், மாறுவது நிற்கும். வெறும் கழித்தல் கணக்கு! பல ஆண்டுகள் உலகம் முழுக்கக் குரல் கருவிகள் இந்தக் கழித்தலைச் செய்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் யக்ஞநாராயணாவின் பேச்சு ஆய்வுக்கூடமும் பேசுபவரை அறியும் இந்த வேலையில் பல காலம் ஈடுபட்டிருந்தது.

1996 முதல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குரல் கருவிகளுக்குப் போட்டி வைக்கத் தொடங்கியது. ஒரே பதிவுகளை எல்லாருக்கும் கொடுத்து, யார் கருவி எவ்வளவு தவறுகிறது என்று ஒரே அளவுகோலில் அளக்கும் ஏற்பாடு. 1998 போட்டியின் கணக்குகளை டாடிங்டனும் நண்பர்களும் தோண்டிப் பார்த்தபோது, பிழைகள் எல்லார் மேலும் சமமாக விழவில்லை என்று தெரிந்தது. மனிதர்களை அவர்கள் நான்கு விலங்குகளாகப் பிரித்தார்கள். பெரும்பாலோர் செம்மறி, கருவி தடுமாறாமல் அடையாளம் காணும். சிலர் வெள்ளாடு, தம் சொந்தக் குரலே தம்மைக் கைவிட்டுவிடும் பாவப்பட்டவர்கள். சிலர் ஆட்டுக்குட்டி, யார் பேசினாலும் இவர்களைப் போலவே கருவிக்குத் தோன்றும். சிலர் ஓநாய், முயற்சியே செய்யாமல் பிறர் குரலாகக் கருவியின் காதில் விழுகிறவர்கள்.

இந்த வெள்ளாடுகள் குரலில் மட்டும் இல்லை. என் சித்தி ஒரு வெள்ளாடு. ஐம்பது ஆண்டு புளி கரைத்துப் பாத்திரம் தேய்த்ததில் பெருவிரலில் ரேகை என்று சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடையில் கருவிமேல் விரலை வைப்பாள். கருவி சிவப்பாகச் சிணுங்கும். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பாள். தலையில் தேய்த்து லேசாக எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பாள். வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பச்சப் புள்ளையில கைநாட்டு வைக்கறவள்னு கேலி பண்ணுவாங்கன்னுதான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன். இப்ப கையெழுத்து வேணாம், கைநாட்டு வைங்கறான். அதுவும் விழ மாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னாள். நூற்றுக்கு ஒன்று என்று மேலே எழுதினேனே, அந்த ஒன்று நாளுக்கு ஒருவராக மாறி மாறி வருவதில்லை. பெரும்பாலும் அதே ஆளாகத்தான் இருக்கும்.

சித்தியின் விரல் கருவிக்குப் பிடிபடவில்லை. பிடிபடுகிற விரலையோ யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று காட்டியவர் ஒரு ஜப்பானியர். யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மட்சுமோட்டோ. 2002-ல் அவர் சொன்ன செய்முறையைச் சமையல் குறிப்பாகவே எழுதலாம். கண்ணாடி டம்ளரில் பதிந்த விரல் தடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது. உடனடிப் பசையின் ஆவியைக் காட்டினால் தடம் வெள்ளையாக எழும்பும். படம் பிடித்து, கணினியில் துலக்கி, ஒளிபுகும் தாளில் அச்சடிக்க வேண்டியது. மின்சுற்றுப் பலகை செய்யும் தாமிரத் தகட்டில் அந்தப் படத்தை அரித்தால் மேடு பள்ளம் கிடைக்கும். அதன்மேல் ஜெலட்டின் கரைசலை ஊற்றிக் குளிர வைத்து உரித்தால் மெல்லிய விரல் தோல் தயார். ஜெலட்டினில் ஈரம் இருப்பதால் கருவிக்கு அது உயிருள்ள தோலாகவே படும். அவர் சோதித்த 11 கருவிகளும் ஏமாந்தன. செலவு சொற்பம். வேலை முடிந்ததும் தடயத்தை வாயில் போட்டு மென்றுவிடலாம்.

ஆய்வகத்து வேடிக்கை என்று யாராவது நினைத்திருந்தால், 2018-ல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் பதில் வந்தது. அங்கே ஒரு செல்போன் கடைக்காரர், பதிவுத்துறை இணையதளத்தில் கிடந்த கிரயப் பத்திரங்களை இறக்கினார். பத்திரத்தின் ஓரத்தில் விற்றவரும் வாங்கியவரும் வைத்த பெருவிரல் தடம் பளிச்சென்று இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையில் அதை விரலாக்கி, பத்திரத்தில் இருந்தவர்கள் பெயரில் ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்துவிட்டார். பெருவிரலை நாம் பத்திரத்தில் வைத்தது, எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். மறைத்து வைக்க வேண்டிய சாவியாக அது என்றைக்கு ஆனது?

அமெரிக்க அரசு 2015-ல் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்தது. அரசுப் பணியாளர் அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடு போயின. கடவுச்சொல் போனால் அன்றிரவே மாற்றிவிடலாம். விரலை மாற்ற முடியுமா?

நெட்வொர்க் என்று வந்தபின் உடம்பு உடம்பாகப் பயணம் செய்வதில்லை. விரலும் குரலும் எண்களாகிக் கம்பியில் போகின்றன. மறுமுனைக்கு வந்து சேர்வது எண்கள் மட்டுமே. அந்த எண்களை வழியில் பிடித்தவன், விரலே இல்லாமல் அதே எண்களை மறுபடி அனுப்பலாம். டாலஸ் கூண்டில் இது சாத்தியமில்லை; கேட்டதும் ஒப்பிட்டதும் கதவைத் திறந்ததும் ஒரே இடம். வேடிக்கை என்னவென்றால், நாற்பது ஆண்டு சுற்றிவிட்டுத் தொழில்நுட்பம் அந்தக் கூண்டுக்கே திரும்பியிருக்கிறது. 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் கைரேகையோடு வந்தது. விற்பனைக்கு வந்த இரண்டொரு நாளில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த ஒருவர் போலி விரலால் திறந்துகாட்டிவிட்டார். மட்சுமோட்டோவின் சமையலையே கொஞ்சம் மாற்றிச் செய்திருந்தார். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. விரலின் குறிப்பு போனுக்குள்ளேயே சிப்பின் ஒரு தனி மூலையில் பூட்டிக் கிடக்கும், வெளியே போகாது. ஐந்து முறை பொருந்தாவிட்டாலோ, 48 மணி நேரம் தொடாமல் கிடந்தாலோ, அணைத்து எழுப்பினாலோ, விரலை நம்பாமல் எண்ணைக் கேட்கும். இப்போது பரவலாகிவரும் பாஸ்கீ முறையிலும் இதே கதைதான். விரல் உங்கள் போனைத் திறக்கிறது. போனுக்குள் இருக்கும் ரகசியச் சாவி வங்கியோடு பேசுகிறது. வங்கி உங்கள் விரலைப் பார்ப்பதே இல்லை. டாலஸ் கூண்டு சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்றே இதை நான் பார்க்கிறேன்.

குரலுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. அது கம்பியிலேயே அலைந்தது. 1999 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட மேக் ஓ.எஸ். 9-ல், குரலால் கணினிக்குள் நுழையும் வசதி இருந்தது. நீங்கள் ஒரு வாக்கியத்தைப் பதிந்து வைக்கலாம்; ஆப்பிள் தானாக எடுத்துக்கொடுத்த வாக்கியம், 'என் குரலே என் கடவுச்சொல்'. டாடிங்டனின் பென் நீந்திய குளம் இங்கே வற்றிவிட்டதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியம். பக்கத்து மேஜைக்காரர் காதாரக் கேட்கிற வாக்கியம். அடுத்து வந்த மேக் ஓ.எஸ். எக்ஸில் இந்த வசதி இல்லை. யாரும் அழுததாகவும் தெரியவில்லை.

பிறகு வங்கிகள் வந்தன. தொலைபேசியில் கூப்பிடுகிற வாடிக்கையாளர் தாயின் கன்னிப் பெயர், பழைய முகவரி என்று பத்து கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப் போயிருந்தார். குரலே போதும் என்றபோது மகிழ்ந்தார். பிரிட்டனில் ஹெச்எஸ்பிசி 2016-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிபிசி செய்தியாளர் டான் சிம்மன்ஸ் தன் இரட்டைச் சகோதரர் ஜோவைக் கூப்பிட்டுத் தன் குரலில் பேசச் சொன்னார். அச்சில் வார்த்த இரட்டையரும் அல்ல, சாதாரண இரட்டையர்தான். ஏழு முறை வங்கி மறுத்தது. எட்டாம் முறை விட்டது. குரல் பொருந்தியதைவிட, ஏழு முறை தட்டியும் யாரும் எழுந்து வராததுதான் எனக்கு ஆச்சரியம். எந்தப் பாட்டி ஏழு முறை பொறுப்பாள்?

இதற்கு நடுவில் குரலைப் படிக்கும் கருவிகள் வளர்ந்த அதே வித்தையால் குரலைச் செய்யும் கருவிகளும் வளர்ந்தன. ஒருவர் குரலின் தனித்தன்மையைச் சில நூறு எண்களில் பிழிந்தெடுக்க முடியும் என்றால், அந்த எண்களைத் திருப்பி ஊற்றிப் புதுப் பேச்சு வார்க்கவும் முடியும்தானே. பூட்டுச் செய்பவனும் கள்ளச்சாவி செய்பவனும் ஒரே பட்டறையில் பாடம் கேட்டார்கள். 2015-லேயே ஆய்வாளர்கள் போலிக் குரலைப் பிடிப்பதற்கென்று தனிப் போட்டி தொடங்கிவிட்டார்கள். 'யாருடைய குரல்?' என்ற கேள்விக்கு முன்னால், 'அங்கே ஆள் இருக்கிறாரா?' என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

2023 பிப்ரவரியில் ஜோசப் காக்ஸ் என்ற பத்திரிகையாளர் தன் சொந்தக் கணக்கு இருந்த பிரிட்டிஷ் வங்கிக்குத் தொலைபேசி செய்தார். தன் பேச்சைச் சில நிமிடம் பதிந்து, இணையத்தில் கிடைத்த ஒரு செயற்கை நுண்ணறிவு சேவையில் ஊற்றிக் குரல் நகலைச் செய்துவைத்திருந்தார். வங்கியின் இயந்திரம் என்ன வேண்டும் என்று கேட்டது; காக்ஸ் வாய் திறக்கவில்லை, லேப்டாப் பதில் சொன்னது. பிறந்த தேதி கேட்டது, அதுவும் ஆயிற்று. அடுத்து, பதிந்து வைத்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னது. லேப்டாப் சொன்னது: 'என் குரலே என் கடவுச்சொல்.' இருபத்து நான்கு ஆண்டுக்கு முன் மேக்கில் இருந்த அதே வாக்கியம்! வங்கி நன்றி சொல்லி, இருப்பு எவ்வளவு என்றும் சொன்னது. 2024 மார்ச்சில் ஓப்பன்ஏஐ தன் குரல் நகல் கருவியைப் பற்றி அறிவித்தபோது, வங்கிகள் குரலை நம்பிக் கணக்கைத் திறப்பதைப் படிப்படியாக விட்டுவிட வேண்டும் என்று அதே அறிவிப்பில் எழுதியது. கள்ளச்சாவிப் பட்டறையே கடைவாசலில் வைத்த எச்சரிக்கைப் பலகை.

போன மாதம் சித்திக்குப் போன் செய்தேன். புது எண். "யாரது?"

"நான்தான் சித்தி."

"எவன்டா நான்தான்?"

குரல் தெரியவில்லையா என்றேன். தெரிகிறதாம். அக்கம்பக்கத்தில் யாருக்கோ மகன் குரலில் போன் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டணும் என்று பணம் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து புது எண் என்றால் குரலை மட்டும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். "சரி, நம்ம பழைய வீட்ல ஒரு செவலைப் பசு நின்னுச்சே, அதுக்கு என்ன பேரு, சொல்லு பாப்போம்."

சொன்னேன். "ம், இப்ப சொல்லு, என்ன விசயம்?" என்றாள். பசுவின் பெயரை இங்கே எழுதினால் அடுத்த முறை எனக்குக் கதவு திறக்காது.

(தொடரும்)